கெட்: ஒரு சின்னச் சொல்லின் பெரிய வேலை

‘ஐ காட் அ லெட்டர்’ என்றால் எனக்குக் கடிதம் வந்தது. ‘ஐ காட் அ கோல்டு’ என்றால் சளி பிடித்தது. ‘ஐ காட் ஆங்ரி’ என்றால் கோபம் வந்தது. ‘ஐ காட் ஹோம்’ என்றால் வீடு போய்ச் சேர்ந்தேன். ‘ஐ காட் தி ஜோக்’ என்றால் அந்த நகைச்சுவை புரிந்தது. ‘ஐ காட் ஹிட்’ என்றால் அடிபட்டேன். ஆங்கிலத்தில் ஆறு வாக்கியங்களுக்கும் வினைச்சொல் ஒன்றுதான். ‘கெட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லின் இறந்தகால வடிவம் ‘காட்’. தமிழில் அதே ஆறைச் சொல்ல வா, பிடி, சேர், புரி, படு என்று ஐந்து வினைகள் தேவைப்படுகின்றன.

ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால் பத்தி பத்தியாக அர்த்தங்கள் வரும். பெறு, வாங்கு, அடை, ஆகு, கொண்டுவா, புரிந்துகொள், பிடி, செய்யவை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதை மனப்பாடம் செய்ய நானும் ஒரு காலத்தில் முயன்றிருக்கிறேன். பயன்படவில்லை. பட்டியலைப் படித்தவருக்குப் பேச்சில் அந்தச் சொல் வரும்போது எந்த அர்த்தத்தை எடுப்பது என்று தெரியாது. பிறகுதான் வேறொன்று தெளிவானது. கெட் என்பதற்குப் பல அர்த்தங்கள் இல்லை. அதற்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது. மீதியைப் பக்கத்தில் நிற்கும் சொல் செய்கிறது.

அந்த வேலை என்ன என்று பார்க்க, ஆங்கிலத்தின் இரண்டு அடிப்படை வினைகளிலிருந்து தொடங்கலாம். ஒன்று ‘ஹேவ்’, அதாவது உடைமை. இன்னொன்று ‘பி’, அதாவது இருப்பு. இஸ், ஆர், வாஸ் எல்லாம் அதன் வடிவங்கள். இரண்டுமே அசையாமல் நிற்பவை. வேலை இருக்கிறது, கோபமாக இருக்கிறான், வீட்டில் இருக்கிறாள். ஆனால் எந்த நிலைக்கும் ஒரு தொடக்கம் உண்டு. வேலை கிடைத்த நாள், கோபம் வந்த நொடி, வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம். அந்த நுழைவைச் சொல்வதுதான் கெட். ‘ஐ ஹேவ் அ ஜாப்’ என்றால் வேலை இருக்கிறது. ‘ஐ காட் அ ஜாப்’ என்றால் வேலை கிடைத்தது. ‘ஷி இஸ் மேரீட்’ என்றால் திருமணமானவர். ‘ஷி காட் மேரீட்’ என்றால் திருமணம் நடந்தது. ‘ஐ நோ ஹிம்’ என்றால் அவரைத் தெரியும். ‘ஐ காட் டு நோ ஹிம்’ என்றால் அவர் பழக்கமானார்.

இப்படிப் பார்த்தால் பக்கத்துச் சொல்லின் அதிகாரம் புரிந்துவிடும். அடுத்து வருவது பெயர்ச்சொல்லா, அப்படியென்றால் அது உடைமையின் தொடக்கம். அடுத்து வருவது ஒரு தன்மையா, அப்படியென்றால் அந்தத் தன்மைக்குள் போகிறோம். இடமா, அங்கே போய்ச் சேர்கிறோம். ஒரே ஒரு எழுத்துகூடப் போதும். ‘இட் காட் கோல்டு’ என்றால் குளிர்ந்துவிட்டது. நடுவில் ‘ஒரு’ என்று பொருள்படும் ‘அ’வைப் போட்டு ‘ஹி காட் அ கோல்டு’ என்றால் சளி பிடித்துவிட்டது. அந்த ‘அ’ வந்ததும் ‘கோல்டு’ தன்மையாக இருந்தது மாறிப் பெயராகிவிட்டது. கெட் எப்போதும்போல் தன் வேலையைத்தான் செய்தது.

இதே காரணத்தால் ஒரு தவறும் எளிதாக நேர்கிறது. ‘அவள் டாக்டர் ஆனாள்’ என்பதை ‘ஷி காட் அ டாக்டர்’ என்று சொல்ல முடியாது. பெயர்ச்சொல் வந்துவிட்டதால் அது உடைமைப் பக்கம் போய்விடும். அவள் ஒரு டாக்டரைக் கூட்டி வந்தாள் என்றுதான் கேட்பவருக்குப் படும். அங்கே ‘பிகேம்’ வேண்டும். இதில் ஒரு சுவையான விஷயம், ‘பிகம்’ என்பதன் ஜெர்மன் உடன்பிறப்பான ‘பெகொம்மன்’ என்ற சொல்லுக்கு அந்த மொழியில் ‘பெறு’ என்று அர்த்தம். ஒரே மூலத்திலிருந்து கிளம்பிய சொல் ஒரு மொழியில் ஆதலுக்கும் மறு மொழியில் பெறுதலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலத்தின் கெட் இரண்டையும் ஒன்றாகச் சுமக்கிறது.

தமிழர்களுக்கு இந்தச் சொல் ஏன் வழுக்குகிறது என்பதற்குத் தமிழின் வளமே ஒரு காரணம். நனைந்தான், களைத்தான், மெலிந்தான், இருட்டியது, ஆறியது என்று நிலைமாற்றத்தைச் சொல்ல நமக்குத் தனித்தனி வினைகள் இருக்கின்றன. அதோடு நனை என்ற ஒன்றிலேயே நனைந்தான், நனைத்தான் என்று தன்வினையும் பிறவினையும் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் ‘வெட்’ என்பதை எடுத்துக்கொண்டு மழையில் நனைந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் ‘காட் வெட்’ என்று கெட்டின் தோளில்தான் ஏற்ற வேண்டும். களைத்தான் என்பது ‘காட் டயர்ட்’, மெலிந்தான் என்பது ‘காட் தின்’, இருட்டியது என்பது ‘காட் டார்க்’. நாம் வினைக்குள்ளேயே வைத்திருப்பதை அவர்கள் ஒரு துணைச்சொல்லிடம் கொடுத்துவிட்டார்கள்.

இன்னொரு வேறுபாடு இதைவிட ஆழமானது. ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்ற வாக்கியத்தில் எழுவாய் வேலை. நான் நான்காம் வேற்றுமையில், வாங்கிக்கொள்பவனாக ஒதுங்கி நிற்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது, எனக்குப் புரிகிறது, எனக்குச் சளி பிடிக்கிறது என்று எல்லாம் என்னை நோக்கி வருகின்றன. ஆங்கிலத்தில் கெட் போட்டதும் ‘ஐ’ முன்னால் வந்து நின்றுகொள்கிறது. ஆனால் முன்னால் நிற்பதால் அவன் ஏதோ செய்தான் என்று பொருளல்ல. ‘ஹி காட் தி பிரைஸ்’ என்பதில் அவன் பாடுபட்டு வென்றானா, குலுக்கலில் விழுந்ததா என்பது தெரியாது. தமிழில் அதைத் தெரியாமல் விட முடியாது. பரிசு கிடைத்தது என்றால் அதிர்ஷ்டமும் இருக்கலாம். பரிசு வாங்கினான் என்றால் திறமை தெரிகிறது. பரிசு பெற்றார் என்றால் மேடையும் மரியாதையும் சேர்ந்துவிடுகின்றன. மொழிபெயர்க்க உட்காரும்போது கெட் வந்தால் என் கை தயங்குவது இங்கேதான். மூலத்தில் சொல்லாத ஒன்றைத் தமிழில் நான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

பேச்சுத் தமிழில் கெட்டுக்கு மிக அருகில் வருவது ‘வாங்கு’ என்றே எனக்குத் தோன்றுகிறது. மார்க் வாங்கினான், திட்டு வாங்கினான், அடி வாங்கினான், பேர் வாங்கினான். நல்லதோ கெட்டதோ, விலை கொடுத்ததோ சும்மா வந்ததோ, எல்லாவற்றையும் வாங்கலாம்.

அடி வாங்குவது என்றதும் கெட்டின் இன்னொரு முகத்துக்கு வந்துவிடுகிறோம். செயப்பாட்டு வினையை ஆங்கிலத்தில் ‘வாஸ்’ போட்டுச் சொல்வதுதான் இலக்கணப் புத்தக வழி. ‘ஹி வாஸ் ஹிட் பை அ கார்’. பேச்சில் பல நேரம் ‘ஹி காட் ஹிட் பை அ கார்’ என்று வரும். செய்தி ஒன்றுதான், ஆனால் நிற்கும் இடம் வேறு. முதலாவது வெளியிலிருந்து பார்த்து எழுதிய குறிப்பு மாதிரி இருக்கிறது. இரண்டாவதில் அடிபட்டவனுக்கு என்ன ஆயிற்று என்ற கவலை இருக்கிறது. அதனால்தான் இந்த அமைப்பு, ஆளை உலுக்கும் நிகழ்ச்சிகளுக்கு அதிகம் பயன்படுகிறது. வேலை போனது, பதவி உயர்ந்தது, மாட்டிக்கொண்டது, ஏமாற்றப்பட்டது எல்லாவற்றுக்கும் ‘காட்’ பொருந்தும். ‘அந்த ஊர் எல்லோருக்கும் தெரிந்தது’ என்பது மாதிரி அசையாமல் இருக்கும் நிலைகளுக்குப் பொருந்தாது. அங்கே ‘இஸ் நோன்’ மட்டும்தான்.

தமிழிலும் இதே நுட்பம் இருக்கிறது. அடிக்கப்பட்டான், அடிபட்டான், அடி வாங்கினான் மூன்றும் ஒன்றல்ல. முதலாவது கேட்டால் அடித்தவன் யார் என்ற கேள்வி எழுகிறது. இரண்டாவதில் அடிபட்டவனின் வலிதான் முன்னால் நிற்கிறது. அடித்தவன் இல்லாமலேகூட, கீழே விழுந்தும் அடிபடலாம். மூன்றாவதில் அவனும் ஏதோ செய்திருப்பான் என்ற சாயல் மெல்லப் படிகிறது. துன்பப்படு, வெட்கப்படு, ஆசைப்படு என்பவற்றில் உள்ள ‘படு’வே செயப்பாட்டு வினையிலும் வருகிறது. அனுபவிப்பவனைச் சுற்றி எழுந்த இலக்கணம் அது.

மூன்றாவது சாயல் கெட்டிலும் உண்டு. ‘ஹி காட் அரெஸ்டட்’ என்பதற்கும் ‘ஹி காட் ஹிம்செல்ஃப் அரெஸ்டட்’ என்பதற்கும் இடையில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. இரண்டாவதில் அவனே போய் மாட்டிக்கொண்டான். ‘ஹிம்செல்ஃப்’ இல்லாத இடத்தில்கூடச் சில நேரம் பாதிக்கப்பட்டவர் மேல் லேசாகப் பொறுப்பு ஒட்டிக்கொள்ளும். வன்முறைக்கு ஆளானவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும்போது ‘வாஸ்’ போடுவதா ‘காட்’ போடுவதா என்று ஒரு நிமிடம் யோசிப்பது நல்லது. இது வெறும் நடை சார்ந்த விஷயம் அல்ல.

அப்புறம், பிறரைக்கொண்டு செய்விப்பது. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்று நாம் சொன்னால் கத்தரி என் கையில் இருந்ததாக யாரும் நினைப்பதில்லை. ‘கொள்’ என்ற துணைவினை, செயலின் பலன் எனக்கு வந்தது என்று காட்டிவிடுகிறது. இதை அப்படியே ‘ஐ கட் மை ஹேர்’ என்று ஆங்கிலத்தில் வைத்தால் நானே கண்ணாடி முன் நின்று வெட்டிக்கொண்டதாக ஆகிவிடும். ‘ஐ காட் மை ஹேர் கட்’ என்பதே சரி. இங்கும் வேலை அதேதான். முடி வெட்டப்பட்ட நிலைக்கு வந்தது. அதை வரவைத்தவன் நான்.

ஆளை வைத்துச் சொல்லும்போது இன்னொரு நயம் வருகிறது. ‘ஐ மேட் ஹிம் கம்’ என்றால் கட்டாயப்படுத்தி வரவைத்தேன். ‘ஐ காட் ஹிம் டு கம்’ என்றால் பேசி, கெஞ்சி, எப்படியோ சம்மதிக்க வைத்து வரவைத்தேன். ‘மேட்’ வந்தால் நடுவில் ‘டு’ கிடையாது, ‘காட்’ வந்தால் ‘டு’ கட்டாயம். அந்த ‘டு’வில் வந்தவனின் விருப்பத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மறக்காது.

இதே அமைப்பில் நம் விருப்பமே இல்லாதவையும் வரும். ‘ஐ காட் மை ஃபோன் ஸ்டோலன்’. திருடச் சொல்லி நான் ஆள் வைக்கவில்லை. தமிழில் இதற்கு ‘போனைப் பறிகொடுத்தேன்’ என்போம். அவர்கள் பெற்றதாகச் சொல்லும் இடத்தில் நாம் கொடுத்ததாகச் சொல்கிறோம். இழப்பு ஒன்றுதான்.

இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்த கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 793இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையோரம் உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவின் மடாலயத்தை, ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழியே வந்த வைக்கிங்குகள் தாக்கினார்கள். 865இல் பெரும்படையாக வந்தார்கள். கொள்ளையடிக்க வந்தவர்களில் பலர் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, உழுது, மணமுடித்து, அந்த மண்ணின் மக்களாகவே ஆனார்கள். 1016இல் கனூட் என்ற டேனியர் இங்கிலாந்தின் அரசராகவே ஆகிவிட்டார். அவர்கள் மொழியும் ஆங்கிலமும் நெருங்கிய உறவு என்பதால் வீட்டுப் பேச்சில் கலப்பது எளிதாக நடந்தது. ‘டேக்’, ‘ஸ்கை’, ‘எக்’ மட்டுமல்ல, ‘அவர்கள்’ என்பதற்கான ‘தே’கூட வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்ததுதான். ‘கெட்’டும் அப்படி வந்தது. நார்ஸில் அது ‘கெட்டா’.

அதற்கு முன் பழைய ஆங்கிலத்திலும் இதன் உறவுச்சொல் இருந்தது, ஆனால் தனியாக அல்ல, முன்னொட்டோடு மட்டும். அதன் உச்சரிப்பும் மென்மையானது. ‘யெட்’ என்பதற்குப் பக்கத்தில் வரும். இன்று கெட்டின் முதலில் ஒலிக்கும் அந்த வல்லோசை வடக்கிலிருந்து வந்த நார்ஸின் கொடை. முன்னொட்டோடு இருந்த சொற்களில் இரண்டு இன்றும் உயிரோடு இருக்கின்றன. ஒன்று ‘ஃபர்கெட்’. பிடித்திருந்ததை நழுவவிடுவது, அதாவது மறப்பது. இன்னொன்று ‘பிகெட்’. ஈன்றெடுப்பது.

இங்கே தமிழ்க் காது விழித்துக்கொள்ளும். நம்முடைய ‘பெறு’வும் அதேதான் அல்லவா. பரிசு பெற்றான் என்றும் பிள்ளை பெற்றாள் என்றும் ஒரே சொல்லால் சொல்கிறோம். பெற்றோர் என்ற சொல்லும் மகப்பேறு என்ற சொல்லும் அதிலிருந்து வந்தவை. பழைய நார்ஸின் கெட்டாவுக்கும் அடைதல், பிள்ளை பெறுதல் என்ற இரண்டு பொருளும் உண்டு. உறவே இல்லாத இரண்டு மொழிக்குடும்பங்கள் பிள்ளையைக் கையில் கிடைத்த பேறாகப் பார்த்திருக்கின்றன. ஒரே வித்தியாசம், ‘பிகெட்’ என்பது ஆங்கிலத்தில் பெரும்பாலும் தந்தையைப் பற்றி வரும். தமிழில் பெறுதல் முதலில் தாய்க்குரியது.

முன்னொட்டோடு இருந்த மூன்றாவது சொல் வழக்கொழிந்துவிட்டது. அதற்குப் பொருள் ‘உணர், புரிந்துகொள்’. அது மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்து, அதே பொருள் ‘ஐ கெட் இட்’ என்று வேறு வழியாகத் திரும்பி வந்தது. எனக்கு இது தற்செயல் என்று தோன்றவில்லை. கையால் பிடிப்பதும் மனதால் பிடிப்பதும் மனிதர்களுக்கு ஒன்றாகவே படுகிறது. கெட்டின் தூரத்து உறவான லத்தீன் வினை ஒன்றுக்குப் ‘பற்று’ என்று பொருள். புரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘காம்ப்ரிஹெண்ட்’ அதிலிருந்து வந்தது. சிறையைக் குறிக்கும் ‘பிரிசன்’ என்ற சொல்லும் அதே வேரிலிருந்துதான். நாமும் ‘அவர் சொல்வது பிடிபடவில்லை’ என்கிறோம். கிரகித்தல் என்ற வடமொழிச் சொல்லும் பற்றுதலைத்தான் சொல்கிறது.

1066இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து நடந்த நார்மன் படையெடுப்புக்குப் பிறகு பிரெஞ்சு மேலே வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சு வழியாகவும் லத்தீனிலிருந்து நேரடியாகவும் ‘ரிசீவ்’, ‘அப்டெயின்’, ‘அக்வயர்’ போன்றவை வந்தன. அரசவையும் நீதிமன்றமும் அவற்றை எடுத்துக்கொண்டன. வீட்டிலும் வயலிலும் கெட் தங்கியது. இன்றுவரை அந்தப் பிரிவினை அழியவில்லை. அதிகாரப்பூர்வமான கடிதத்தில் ‘ரிசீவ்ட்’ என்று எழுதுபவர் நண்பரிடம் ‘காட் யுவர் லெட்டர்’ என்பார். கட்டுரைகளில் கெட் போடாதே என்று மாணவர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து வருகிறது. அதில் பாதிதான் சரி என்பேன். ஒரு பொருள் எப்படி வந்தது என்பது முக்கியமான இடத்தில், வாங்கியதா, கொடுக்கப்பட்டதா, சம்பாதித்ததா என்று துல்லியமாகச் சொல்லும் வினை நல்லது. கெட் அதை மறைத்துவிடும். ஆனால் பேச்சில் கெட் இல்லாமல் ஆங்கிலம் பேச முயல்பவர் எப்போதும் மனுவைப் படிப்பவர் மாதிரியே ஒலிப்பார்.

அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இந்தச் சொல்லில் ஒரு பிளவு உண்டு. ‘காட்டன்’ என்ற வடிவம் அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததல்ல, இங்கிலாந்திலேயே முன்பு வழங்கிய வடிவம். கடல் கடந்து போனவர்களோடு அதுவும் போனது. பிரிட்டனில் ‘ஃபர்காட்டன்’ மாதிரியான சொற்களில் மட்டும் பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது. அமெரிக்கர்களுக்கு இரண்டு வடிவமும் இருப்பதால் ஒரு வசதி. ‘ஐ ஹேவ் காட் அ கார்’ என்றால் கார் இருக்கிறது. ‘ஐ ஹேவ் காட்டன் அ கார்’ என்றால் புதிதாகக் கிடைத்திருக்கிறது. முதலாவதில், நுழைவைச் சொன்ன வினையே உள்ளே குடியேறி உடைமையாகிவிட்டது. தமிழிலும் ‘மூன்று அறைகளைக் கொண்ட வீடு’ என்கிறோமே, அந்த வீடு அறைகளை எங்கிருந்தும் கொள்ளவில்லை. கொள்ளுதலே உடைமையாக மாறிவிட்டது.

இதே ‘ஹேவ் காட்’ தன் பின்னால் ஒரு ‘டு’வைச் சேர்த்துக்கொள்ளும்போது கட்டாயமாகிவிடுகிறது. ‘ஐ ஹேவ் காட் டு கோ’ என்றால் போயே ஆக வேண்டும். பேச்சில் இது ‘காட்டா’ என்று சுருங்கும். ஆனால் ‘ஐ கெட் டு கோ’ என்றால் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. ஒரே வினை, ஒரே ‘டு’. ஒன்று சுமை, மற்றது பேறு. இந்த இரண்டாவது வடிவத்தை ஆங்கிலம் கற்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் பாடங்களில் இது அரிதாகவே வருகிறது. பேரக்குழந்தையோடு நாள் முழுவதும் இருக்கப்போகும் ஒரு பாட்டி ‘ஐ கெட் டு ஸ்பெண்ட் தி டே வித் ஹெர்’ என்று சொன்னால் அந்தக் கெட்டில் அவ்வளவு மகிழ்ச்சி இருக்கிறது. ‘வாய்த்திருக்கிறது’ என்பதே அதற்கான தமிழ். அதை ‘இருக்கப்போகிறேன்’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் வாக்கியத்தின் உயிர் போய்விடும்.

கெட்டோடு அப், ஆஃப், ஓவர், பை, த்ரூ போன்றவை சேர்ந்து வருவதை ஒவ்வொன்றாக விளக்கத் தேவையில்லை. போய்ச் சேரும் திசையைத்தான் அந்தச் சின்னச் சொற்கள் காட்டுகின்றன. ‘கெட் அப்’ என்றால் மேலே, எழுந்திரு. ‘கெட் ஆஃப்’ என்றால் இறங்கு. ‘கெட் ஓவர்’ என்றால் தாண்டி வா, துக்கத்தைத் தாண்டுவதும் இதில்தான். ‘கெட் பை’ என்றால் எப்படியோ காலம் தள்ளு. ‘கெட் லாஸ்ட்’ மட்டும் எனக்குத் தனியாகப் பிடிக்கும். வழி தவறிப்போவதற்கும் அதுதான், எரிச்சலில் ஒருவரை விரட்டுவதற்கும் அதுதான். நம் ‘தொலைந்து போ’வுக்கும் அதே இரட்டை வேலை.

எல்லாப் பயன்பாடும் இந்த விளக்கத்துக்குள் ஒழுங்காக அடங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன். அழைப்பு மணி அடித்ததும் ஒருவர் ‘ஐ வில் கெட் இட்’ என்று எழுந்து போகிறார். அங்கே கையில் எதுவும் வரப்போவதில்லை. ‘அதை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதுதான் பொருள். பொறுப்பைத்தான் அவர் வாங்கிக்கொள்கிறார். ‘தே காட் ஹிம்’ என்றால் பிடித்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம், கொன்றுவிட்டார்கள் என்றும் இருக்கலாம். சூழல் தெரியாமல் சொல்ல முடியாது.

கெட் பெயர்ச்சொல்லாகவும் இருந்திருக்கிறது. விலங்கின் ஈற்றுக்கு, குறிப்பாகக் குதிரை வளர்ப்பவர்களிடையே, அது இன்றும் வழங்குகிறது. மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது அது தகப்பன் பேர் தெரியாத பிள்ளை என்ற வசையானது, பிறகு ‘கிட்’ என்று திரிந்து பிரிட்டனில் மடையன் என்பது மாதிரியான திட்டாக நின்றது. 2005இல், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தான் எழுதிய இன்னொரு மென்பொருளுக்கு அந்தத் திட்டையே பெயராக வைத்தார். இன்று நிரல் எழுதுபவர்கள் உலகம் முழுக்க அன்றாடம் பயன்படுத்தும் கருவி அது.

கணினிக்குள் கெட் தன் சொந்த வடிவத்திலேயேகூட இருக்கிறது. டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகளாவிய வலைக்கு 1991இல் இருந்த முதல் நெறிமுறையில், உலாவி சர்வரிடம் சொல்லக்கூடிய கட்டளை ஒன்றே ஒன்று. அது கெட். அந்தச் சொல்லும், வேண்டிய ஆவணத்தின் முகவரியும், அவ்வளவுதான். பின்னால் வேறு பல கட்டளைகள் சேர்ந்தன. ஆனால் கெட்டுக்கு ஒரு விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதைக்கொண்டு கேட்டால் சர்வரில் உள்ள எதுவும் மாறக்கூடாது. ஆவணம் இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். கேட்டவரிடம் அதுவரை இல்லாத ஒன்று வந்திருக்கும்.